அறுபதைத் தாண்டிய பிறகு எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம்: உங்களுக்கு எது?

தாமிரபரணி68:
வணக்கம் நண்பர்களே. வழக்கமாக இங்கே முட்டி வலி, மெடிக்ளைம், பென்ஷன் அரியர் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த இழையில் ஒரு மாறுதலுக்கு அதெல்லாம் வேண்டாம். வயதான பிறகு, நீங்கள் தேடிப் போகாமல், தானாக வந்து உங்களைக் குஷிப்படுத்திய விஷயம் எது என்று மட்டும் சொல்லுங்கள். பேரன் பிறந்தது, மகள் வீடு கட்டியது எல்லாம் கணக்கில் வராது, அவை நாம் காத்திருந்து வந்த சந்தோஷங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பேப்பர் படிக்க வேண்டும், இரவில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு. மறுநாள் கட்டைப் பிரித்தபோது முதலில் கண்ணில் பட்டது ஆஸ்பத்திரிச் சுவர். அப்படி ஒரு வெள்ளை! இடது கண்ணால் மட்டும் பார்த்தால் அதே சுவர் பழைய வேட்டி மாதிரி பழுப்பாக இருக்கிறது, வலது கண்ணால் பார்த்தால் இன்றைக்குத்தான் அடித்த சுண்ணாம்பு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்துகொண்டே வந்தேன், டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு “சார், ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி கட்டியிருந்த சேலையில் ஊதா பார்டர். “இது எப்ப வாங்கினது?” என்றேன். நாலு வருடமாகக் கட்டுகிறாளாம். நான் அதைக் கறுப்பு என்றே நினைத்திருந்தேன். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். நீலம் இவ்வளவு நீலமாக இருக்கும் என்பதே மறந்துபோயிருக்கிறது. பார்வை தெளியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், நிறம் திரும்பி வரும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததும் நல்லதுதான்.

திருச்சி_டீச்சர்:
அடடா, எனக்கும் இதே கதைதான் சார். ஆனால் நீங்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். மீதிப் பாதி என்னவென்றால், அடுப்படி டைல்ஸில் இத்தனை வருடமாக ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கும், ஃபேன் இறக்கையில் இருந்த தூசியும் ஒரே நாளில் தெரிந்தது. வேலைக்கு வருகிற பெண் பாவம், அந்த வாரம் என்னிடம் மாட்டிக்கொண்டாள். அப்புறம் குளியலறைக் கண்ணாடி. அதில் நின்றது யார் என்று ஒரு நிமிடம் யோசித்தேன், என் மாமியார் மாதிரியே இருந்தது! மாமியார் அழகிதான், அதனால் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

லென்ஸ்_மாமா:
முப்பது வருடத்துக்கு மேல் கண்ணாடிக் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் இதற்குள் ஒரு மூக்கை நுழைக்கிறேன். நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வயது ஏற ஏற அது மஞ்சளடிக்க ஆரம்பித்து, பிறகு பழுப்பாகிறது. மஞ்சள் லென்ஸ் நீல ஒளியை உள்ளே விடாது. ஆனால் இது வருடக்கணக்கில் மெதுவாக நடப்பதால் மூளை அதற்கேற்ப ஒப்பேற்றிக்கொள்கிறது, ‘இதுதான் வெள்ளை’ என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. அறுவை சிகிச்சையில் பழைய லென்ஸை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை லென்ஸ் வைத்ததும் நீலம் மொத்தமாக உள்ளே வருகிறது. அதனால்தான் தாமிரபரணி சார் ஆட்டோவில் கண்ணடித்துக்கொண்டு வந்தார்.

ஓவியர் கிளாட் மோனேவுக்கு இது நடந்தது. 1912இலேயே புரை என்று சொல்லிவிட்டார்கள், மனிதர் பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டே போனார். கடைசியில் 1923இல், 82 வயதில், வலது கண்ணில் அறுவை செய்துகொண்டார். அந்தக் காலத்தில் உள்ளே வைக்கும் லென்ஸ் கிடையாது, சோடாபுட்டிக் கண்ணாடிதான். எல்லாம் ஒரேயடியாக நீலமாகத் தெரிகிறது என்று டாக்டரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார். அப்புறம் வண்ணக் கண்ணாடி எல்லாம் போட்டுச் சரிபண்ணி, அல்லிக் குளம் ஓவியங்களில் மறுபடி கைவைத்தார்.

கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது 1949இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி ஆரம்பித்தது. அதுவே ஓர் எதிர்பாராத சமாசாரம்தான். உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானத்தின் பிளாஸ்டிக் மூடிச் சில்லுகள் போய்ச் சிக்கிக்கொண்டன, ஆனால் கண் அதை விரோதியாக நினைத்துப் புண்ணாக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அந்த பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது.

நம் ஊர் ஆளையும் சொல்லிவிடுகிறேன். மதுரை டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ரிட்டயர் ஆனவர். கடுமையான முடக்குவாதத்தால் விரல்களெல்லாம் கோணிக்கொண்டவர். அந்த விரல்களோடு 1976இல் 11 படுக்கையுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். 1992இல் அவர்களே லென்ஸும் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் வெளிநாட்டு லென்ஸின் விலை கொடுக்க முடியாதவர்களுக்கும் அது கிடைத்தது. நான் கடை வைத்திருந்த ஆரம்பக் காலத்தில் சோடாபுட்டிக் கண்ணாடிதான் நிறைய விற்றது. அந்த வியாபாரம் படுத்துப்போனதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

வெயிலோன்_மதுரை:
எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். அறுபதுக்கு மேல் எதிர்பாராமல் வருவது என்ன? கிரியாட்டினின் ரிப்போர்ட் வரும். பாத்ரூமில் வழுக்கி விழுவது வரும். இரவு இரண்டு மணிக்கு வெளியூரிலிருந்து போன் வரும். எனக்கு 74 வயது. என்னைக் கேட்டால் எதுவும் நடக்காத நாள்தான் நல்ல நாள்.

இன்னொன்று. இங்கே எழுதுகிற நாம் எல்லாரும் ஓரளவு வசதியானவர்கள். அரசு முதியோர் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாயாக இருந்து 2023இல்தான் 1,200 ஆனது. அதை வைத்துக் காலம் தள்ளுகிறவரிடம் போய் ‘உங்கள் வாழ்வின் இனிய ஆச்சரியம் எது?’ என்று கேட்டால் செருப்பைத் தூக்குவார்.

தாமிரபரணி68:
வெயிலோன் சார், பாத்ரூம் எனக்கும் உண்டு. போன வருடம் விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு. கெட்டது கேட்காமலே வருகிறது என்பதில் சண்டையே இல்லை. நல்லதும் சில சமயம் அப்படி வருகிறதே, அதை யாரும் குறித்து வைப்பதில்லை, அதற்காகத்தான் இந்த இழை.

பஸ்பாஸ்_மகள்:
வெயிலோன் ஐயா, நீங்கள் மதுரை என்பதால் உங்களுக்கு எங்கள் அம்மா கதையைச் சொல்கிறேன். பணம் இல்லாதவர்களுக்கு ஆச்சரியம் கிடையாது என்று நீங்கள் எழுதியதற்குப் பதிலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இப்போது 71. அப்பா இருந்தவரை வீடு, மாரியம்மன் கோவில், ரேஷன் கடை, இந்த மூன்றைத் தாண்டிப் போனதில்லை. பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், அதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று இருந்துவிட்டார். அப்பா இறந்த பிறகும் அப்படியேதான்.

2021 மே மாதம் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று வந்தது. ஆரம்பத்தில் அம்மா நம்பவே இல்லை, ஏறின பிறகு காசு கேட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயம். பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார். திருப்பரங்குன்றம் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு மத்தியானம் திரும்பி வந்துவிட்டார்கள். அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. இப்போது இரண்டு பேரும் வாரத்தில் ஒருநாள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். எங்கே என்று கேட்டால் தெரியாது. ஸ்டாண்டுக்குப் போவார்கள், உட்கார இடம் இருக்கிற சாதா பஸ்ஸில் ஏறுவார்கள், கடைசி ஸ்டாப்பில் இறங்கி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவார்கள். அழகர்கோவில் பார்த்தாயிற்று. சோழவந்தானில் கொடிக்கால் பார்த்து, அங்கே வேலை செய்கிற பெண்களோடு பேசி ஒரு கவுளி வெற்றிலை வாங்கி வந்தார்கள். சில இடத்தில் ஒன்றுமே இருக்காது, ஒரு டீக்கடையும் ஆலமரமும்தான். அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்.

ஒருநாள் கீழடி பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அங்கே 2023இல் மியூசியம் திறந்திருக்கிறார்களே, அது செட்டிநாட்டு வீடு மாதிரி இருந்ததால் ஏதோ கல்யாண வீடு என்று நினைத்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் பானை ஓடு, பாசிமணி, அதோடு வட்டமாகத் தேய்த்த ஓட்டுச்சில்லு. அம்மா அங்கேயே நின்றுவிட்டாராம். சின்ன வயதில் உடைந்த பானையைக் கல்லில் உரசி அவர்கள் பாண்டி ஆடச் செய்த அதே சில்லு. பக்கத்தில் நின்ற காலேஜ் பையனிடம் “இதை வச்சு நான் ஆடியிருக்கேன்ப்பா” என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் “இது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது பாட்டி” என்றதும், “அப்பவும் பொம்பளப் பிள்ளைகளுக்கு விளையாட நேரம் இருந்திருக்கு பாரு” என்றாராம்.

அன்று இரவு எனக்குப் போன் செய்து பேசியது போல் அம்மா இதுவரை என்னிடம் பேசியதே இல்லை ஐயா.

வெயிலோன்_மதுரை:
கீழடியில் ஓட்டில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறியிருப்பார்கள், அதை அம்மா பார்த்தார்களா என்று கேளுங்கள். நான் இருபது கிலோமீட்டருக்குள் இருந்துகொண்டு இன்னும் போகவில்லை. (ஆண்களுக்கு ஏன் இலவசம் இல்லை என்பது வேறு இழையில் பேச வேண்டிய விஷயம்.)

கும்பகோணம்_டிகிரி:
இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். பிள்ளைகள் ஏற்பாடு செய்கிற ‘சர்ப்ரைஸ்’ பற்றி யாருமே பேசவில்லையே? என் எண்பதுக்குப் பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் திருக்கடையூரில் சதாபிஷேகத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். பக்கத்து ஊரில் கல்யாணம் என்று சொல்லி விடியற்காலையில் எழுப்பிக் காரில் ஏற்றினார்கள். போய் இறங்கினால் நாதஸ்வரம், ஐம்பது அறுபது சொந்தக்காரர்கள், போட்டோகிராபர் ஒருவன் என் முகத்துக்கு நேரே கேமராவை வைத்துக்கொண்டு “தாத்தா, ஆச்சரியமா பாருங்க” என்கிறான். எனக்குச் சர்க்கரை. காலை மாத்திரை வீட்டில். தலையில் குடம் குடமாகத் தண்ணீர், பதினொரு மணி வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. அந்தப் போட்டோக்களில் நான் அழுவது போல் இருக்கும், பாசத்தில் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பசி சார், பசி.

பேரன்_நம்பர்_1:
பெரியவர்கள் இழையில் சின்னவன் பேசலாமா தெரியவில்லை. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள் தாத்தா. முன்னாலேயே சொன்னால் ‘எதுக்குச் செலவு, வேண்டாம்’ என்பீர்கள். சொல்லாமல் செய்தால் ‘ஏன் சொல்லவில்லை’ என்பீர்கள். நாங்கள் என்னதான் செய்வது?

கும்பகோணம்_டிகிரி:
தம்பி, சொல்லிவிட்டுச் செய். இரண்டு தடவை வேண்டாம் என்போம், அது மரியாதைக்கு. மூன்றாவது தடவை கேட்டால் எந்தச் சமையல்காரர் என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

திருச்சி_டீச்சர்:
ஹா ஹா, உண்மை. கணக்கு டீச்சராக இருந்ததால் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். சதாபிஷேகம் என்றால் ஆயிரம் பிறை கண்டவர் என்கிறோம். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சராசரி 29.53 நாள். ஆயிரத்தால் பெருக்கினால் 29,530 நாள், அதாவது கிட்டத்தட்ட 80 வருடம் 10 மாதம். ஆக, எண்பது முடிந்த அன்றே செய்தால் பத்துப் பன்னிரண்டு நிலா கடன் பாக்கி.

ஸ்காபரோ_அப்பப்பா:
வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரொறன்ரோவில் மகளோடு இருக்கிறேன். நிலா பற்றிக் கதைத்தபடியால் எனக்கும் வானத்துக் கதை ஒன்று இருக்கிறது.

2024 ஏப்ரல் 8ஆம் தேதி இங்கே முழுச் சூரிய கிரகணம். நயாகராவில்தான் முழுதாக மறையும் என்று மகளும் மருமகனும் மாதக்கணக்காகத் திட்டம் போட்டார்கள். விசேஷக் கண்ணாடி, மடக்குக் கதிரை, சாப்பாட்டுப் பெட்டி, றோட்டு நெருக்கடிக்காக விடியவே வெளிக்கிட்டது, எல்லாம் சரி. போய் நின்றால் வானம் முழுக்க முகில். இருட்டியது, குளிர்ந்தது, சனம் கூக்குரல் போட்டது, பிறகு வெளித்தது. சூரியன் இருந்த பக்கத்தைத்தான் பார்த்தோம், சூரியனைப் பார்த்தோம் என்று சொல்ல ஏலாது. திரும்பி வரும்போது காரில் ஒருவரும் கதைக்கவில்லை.

ஒரு மாதம் கழிய, மே 10 இரவு, நான் படுக்கப் போய்விட்டேன். பேத்தி வந்து கதவைத் தட்டி, “அம்மப்பா, சப்பாத்தைப் போடுங்கோ, கேள்வி கேக்காதேங்கோ” என்றாள். (பெயரில் அப்பப்பா என்று வைத்திருப்பது மகனின் பிள்ளைகளுக்காக, இவளுக்கு நான் அம்மப்பா.) ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சூரியனிலிருந்து பெரிய காந்தப் புயல் ஒன்று பூமியை அடித்திருக்கிறது, அதனால் வடதுருவப் பக்கம் தெரிகிற ஒளி இங்கே வரைக்கும் வந்துவிட்டது என்றாள். எனக்கு முதலில் மங்கலான வெளிச்சம்தான் தெரிந்தது, நகரத்து விளக்கு என்று நினைத்தேன். கண் இருட்டுக்குப் பழகப் பழகச் செம்மையும் பச்சையும் மேலிருந்து கீழே இறங்குவது தெரிந்தது. போனில் படம் எடுத்துப் பார்த்தால் இன்னும் வடிவாக இருந்தது. அந்த இரவு லடாக்கிலும்கூடச் சிவப்பாகத் தெரிந்ததாம்.

நான் சாரத்தோடும் மேலே குளிர்க் கோட்டோடும் நின்றேன். பக்கத்தில் நின்ற சீனக் கிழவனார் ஒருவரும் படுக்கை உடுப்போடு. ஒருவருக்கு ஒருவர் பாஷை விளங்காது. அவர் மேலே கையைக் காட்டினார், நானும் காட்டினேன், இரண்டு பேரும் சிரித்தோம். கிரகணத்துக்கு வாங்கின கண்ணாடி இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

புத்தகப்புழு_சேலம்:
அப்பப்பா எழுதியதைப் படித்ததும் ஓர் ஆராய்ச்சி நினைவுக்கு வந்தது. 2020இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில், வர்ஜீனியா ஸ்டர்ம் என்பவரும் அவருடைய குழுவும் அறுபது முதல் தொண்ணூறு வயது வரையுள்ள 52 பேரை எட்டு வாரம், வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் நடக்கச் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சும்மா நடங்கள் என்று மட்டும் சொன்னார்கள். மற்றவர்களிடம் புதிதாகப் பார்ப்பது போல் பாருங்கள், வியப்பைத் தேடுங்கள் என்றார்கள். எல்லாரும் செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். வாரம் போகப் போக வியப்புக் கூட்டத்தின் படங்களில் அவர்கள் உருவம் சின்னதாகிக்கொண்டே போய், பின்னால் இருக்கிற மரமும் தெருவும் பெரிதாகிக்கொண்டே வந்தன, சிரிப்பும் கூடியது. யாரும் அவர்களைத் தள்ளி நின்று படம் எடுக்கச் சொல்லவில்லை.

இதற்கு முன்பே ஸ்டான்ஃபோர்டில் லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியல் பேராசிரியை, இனி இருக்கும் காலம் குறைவு என்று உணர்கிறவர்கள் மனதுக்கு நிறைவு தருவதையே தேர்ந்தெடுக்கிறார்கள், வயதானவர்கள் நல்லதைக் கூடுதலாகக் கவனிக்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். அதனால் வயதானவர்கள் என்றால் எப்போதும் சிடுசிடுப்பு என்பது பாதி சினிமாக்காரர்கள் செய்த வேலை.

வெயிலோன்_மதுரை:
52 பேரை வைத்து எட்டு வாரம் ஆராய்ச்சி! எங்கள் தெருவில் வியப்போடு மேலே பார்த்துக்கொண்டு நடந்தால் பாதாளச் சாக்கடைக் குழிக்குள்தான் போக வேண்டும்.

அரைக்காது:
வெயிலோன் சாரை எனக்குப் பிடித்திருக்கிறது, அவர் இல்லாவிட்டால் இந்த இழை திகட்டிவிடும். ஆனால் கண் கதை போலவே ஒரு காதுக் கதை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வயதில் காது போகும்போது மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகும். பேச்சு காதில் விழும், ஆனால் ‘ச’வும் ‘ஸ’வும் தேய்ந்து, என்ன சொன்னார்கள் என்று புரியாது. வீட்டில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். போன வருடம் காது மெஷின் வைத்தார்கள். முதல் வாரம் நரகம், தட்டு வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி. கழற்றி வீசலாம் என்று இருந்தபோது ஒரு காலை முருங்கை மரத்தடியில் ‘ட்விச் ட்விச்’ என்று ஏதோ கேட்டது. மெஷினில்தான் கோளாறு என்று நினைத்துக் கழற்றினேன், சத்தம் நின்றது. மாட்டினேன், வந்தது. நிமிர்ந்து பார்த்தால் முருங்கைப் பூவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு தேன்சிட்டு. அந்த மரம் எங்கள் வீட்டில் பல வருடமாக நிற்கிறது, குருவியும் நின்றிருக்கும், எனக்குத்தான் ஊமைப்படமாக ஓடியிருக்கிறது.

பேத்தி போனில் மெர்லின் என்று ஒரு செயலி போட்டுக் கொடுத்தாள். பறவைச் சத்தத்தைக் கேட்டு எது என்று சொல்லிவிடும். அதில்தான் அடுத்த அதிர்ச்சி. வெயில் காலம் ஆரம்பித்தால் எங்கள் தெருவில் நாள் முழுக்க ‘டொக் டொக் டொக்’ என்று ஒரே தாளத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். பின் தெருவில் பாத்திரப் பட்டறை இருக்கிறது, ஈயம் பூசித் தட்டுகிறார்கள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். பட்டறை மூடியே பல காலம் ஆகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை! அது செம்மார்புக் குக்குறுவான். பச்சை உடம்பு, நெஞ்சிலும் நெற்றியிலும் சிவப்பு, ஆலம்பழமும் அத்திப்பழமும் தின்னும். ஆங்கிலேயன்கூட அதற்குச் செம்பு தட்டுகிறவன் என்றுதான் பெயர் வைத்திருக்கிறான்.

இப்போது பொங்கல் சமயத்தில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் நானும் சேர்ந்துவிட்டேன். 2015இலிருந்து தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததைப் பதிவு செய்தால் போதும். காது மெஷினோடு பறவை எண்ணுகிறவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான்.

லென்ஸ்_மாமா:
பட்டறை மூடியது யாருக்கும் தோன்றவில்லையா, பிரமாதம்! நீங்கள் எழுதிய இழப்பும் லென்ஸ் மாதிரிதான். மெதுவாகப் போவதால் போனதே தெரிவதில்லை, அதனால்தான் திரும்பி வரும்போது இப்படி ஆளைத் தூக்கிப் போடுகிறது. இருபது வயதுப் பையனுக்கு இந்தச் சந்தோஷம் கிடைக்க வழியே இல்லை, அவன் இன்னும் எதையும் தொலைக்கவில்லை.

புத்தகப்புழு_சேலம்:
நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இன்னும் இரண்டு பேரைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இயற்பியல் விஞ்ஞானி பீட்டர் ஹிக்ஸ் 1964இல் எழுதிய கட்டுரைக்கு 2013இல், 84 வயதில், நோபல் பரிசு அறிவித்தார்கள். நிருபர்கள் மொய்ப்பார்கள் என்று தெரிந்து மனிதர் வீட்டை விட்டுக் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். செல்போன் கிடையாது. திரும்பி வரும்போது தெருவில் முன்னாள் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் காரை நிறுத்தி இறங்கி, செய்தி கேட்டேன், வாழ்த்துகள் என்றாராம். என்ன செய்தி என்று கேட்டார் இவர்.

எனக்கு இவரைவிடப் பிடித்தவர் மேரி டிலேனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி, 1700இல் பிறந்தவர். கணவர் இறந்து, ஒரு தோழி வீட்டில் தங்கியிருந்தபோது, 72 வயதில், ஜெரேனியம் பூவிதழும் மேஜையில் கிடந்த சிவப்புக் காகிதமும் ஒரே நிறத்தில் இருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. சும்மா கத்தரியை எடுத்து இதழ் இதழாக வெட்டி ஒட்டிப் பார்த்தார். உள்ளே வந்த தோழி நிஜப் பூவைத்தான் பிய்த்துப் போட்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டார். அதன் பிறகு பத்து வருடம், பார்வை மங்கும் வரை, ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பூக்களைக் கறுப்புப் பின்னணியில் காகிதத்தால் செய்தார். இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை, வகுப்புக்குப் போகவில்லை.

திருச்சி_டீச்சர்:
வகுப்புக்குப் போனவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரளாவில் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் 2018 எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினார். அந்த இரண்டு மார்க்கை எங்கே விட்டார் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெயிலோன்_மதுரை:
நோபல் பரிசு, பிரிட்டிஷ் மியூசியம், 98 மார்க். இதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். எண்பது வயதில் சாதனை செய்தே ஆக வேண்டும் என்று இப்போது புதுத் தொல்லை கிளம்பியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு கிழவர் மலை ஏறுகிறார். நான் ஏறவில்லை என்றால் என்ன குறை? அந்த ஓட்டுச்சில்லு பார்த்த அம்மா ஒன்றும் சாதிக்கவில்லை, போனார், பார்த்தார், சிரித்தார். அது எனக்குப் புரிகிறது. பஸ்பாஸ் மகள், கீழடிக்கு எந்த ஸ்டாண்டில் பஸ் ஏற வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள், ஆட்டோக்காரன் கேட்கிற காசுக்கு நான் புதுச் சில்லே செய்து வைத்துவிடுவேன்.

பஸ்பாஸ்_மகள்:
அம்மாவிடம் கேட்டேன் ஐயா. ஆதன் பெயரைப் பார்க்கவில்லையாம், சில்லுப் பெட்டியை விட்டு நகரவே இல்லையாம், அதனால் அத்தையோடு இன்னொரு தடவை போகப் போகிறார்கள், வருகிற வியாழக்கிழமை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டரைக்கு நிற்பார்களாம். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்து வரச் சொன்னார், புளியோதரை கூடுதலாகக் கட்டுகிறாராம். “ஆனா அவர் டிக்கெட்டை அவர்தான் எடுக்கணும்னு சொல்லிரு” என்றார்.